கம்பைலரில் கைவைப்பதற்கு முன்: லினக்ஸ் வழங்கல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெபியன், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வழங்கலில் உரைத்திருத்தியின் பொதிக்குப் (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) போடும் பேட்சின் (மூல நிரலில் செய்யும் சிறு மாற்றத்தின்) விளைவு பெரும்பாலும் அந்தத் திருத்தியோடு நின்றுவிடும். மூல நிரலைக் கணினி இயக்கும் கோப்பாக மாற்றும் கம்பைலருக்குப் போடும் பேட்ச் அப்படி நிற்பதில்லை. வழங்கலில் உள்ள ஆயிரக்கணக்கான பொதிகள் அதன் வழியாகத்தான் இருமக் கோப்புகளாகின்றன. பயனர்கள் தங்கள் கணினியில் எழுதும் நிரல்களும் அதே கம்பைலரை நம்பியே இருக்கின்றன. ஜிசிசி, கிளாங், ரஸ்ட், கோ ஆகிய கம்பைலர்களை மூலத் திட்டம் (அவற்றை எழுதி வெளியிடும் குழு) வெளியிட்டபடியே கொடுப்பதா, வழங்கலின் தேவைக்கேற்ப மாற்றிக் கொடுப்பதா என்ற கேள்விக்கு, "தொடவே கூடாது" என்றும் "எங்கள் வழங்கல், எங்கள் முடிவு" என்றும் இரண்டு பதில்கள் வழக்கத்தில் உள்ளன. நாளை காலை ஒரு வழு அறிக்கையோடு உட்கார வேண்டிய பராமரிப்பாளருக்கு இரண்டுமே உதவாது.

இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு இதுதான்: தேவைப்படும் மாற்றத்தைக் கம்பைலரின் மூல நிரலிலிருந்து எவ்வளவு வெளியே வைக்க முடியுமோ அவ்வளவு வெளியே வைக்க வேண்டும், உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால், அது மூலத் திட்டத்துக்குப் போகும் வழியில் உள்ள பேட்சாகவோ அங்கிருந்து வந்த பேட்சாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அடங்காத பேட்சுக்கு யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குப் பொறுப்பு என்று எழுதி வைக்க முடியாவிட்டால் அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

முதலில் பேட்சின் இனத்தைக் கண்டறியுங்கள்

கையிலுள்ள பேட்சைத் திறந்து, அது என்ன செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "மூலத் திட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருகிறது" என்று எழுத முடிந்தால் அது பின்கொணர்வு. "நம் வழங்கலில் கோப்புகள் இருக்கும் இடத்தைக் கம்பைலருக்குச் சொல்கிறது" என்றால் அது இடம் சார்ந்த பேட்ச். "அதே கட்டளைக்கு வேறு விளைவு தருகிறது" என்று எழுத நேர்ந்தால் அது நடத்தையை மாற்றும் பேட்ச். விவாதங்கள் பெரும்பாலும் சூடேறுவது மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான்.

பின்கொணர்வில் கருத்து வேறுபாட்டுக்கு அதிக இடமில்லை. ஸ்பெக்டர் எனும் செயலிப் பாதுகாப்புக் குறை 2018 ஜனவரியில் வெளியானபோது, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலுக்கான தற்காப்பு, கம்பைலரின் புதிய ஃபிளாக் (கட்டளையில் சேர்க்கும் விருப்பக் குறி) ஒன்றைச் சார்ந்திருந்தது. மூலத் திட்டம் அதை அம்மாத இறுதியில் ஜிசிசி 7.3-இல் வெளியிட்டது. நிலைத்த வழங்கல்களோ 4.8, 4.9, 6 போன்ற பழைய வரிசைகளில் இருந்தன. கம்பைலரைப் புதிய பெரும்பதிப்புக்கு உயர்த்துவது அவற்றின் நிலைத்தன்மை வாக்குறுதியையே மீறுவதாகும். எனவே அந்த வசதியைப் பழைய பதிப்புகளுக்குப் பின்கொணர்ந்தார்கள். மூலத் திட்டத்தில் பயன்படுத்திய அதே ஃபிளாக் பெயரையே வைத்ததால் கர்னலின் கட்டமைப்பு, பதிப்பு எண்ணைப் பார்க்காமல் "இந்த ஃபிளாக் உண்டா" என்று மட்டும் கேட்டுத் தன் வேலையைத் தொடர முடிந்தது. பின்கொணரும்போது பெயரையோ பொருளையோ சற்றும் மாற்றாதீர்கள் என்பதே இதில் கற்க வேண்டியது.

இடம் சார்ந்த பேட்சுகளும் பெரும்பாலும் தவிர்க்க முடியாதவை. டெபியன் ஒரே கணினியில் பல செயலிக் கட்டமைப்புகளின் நூலகங்களை அருகருகே வைப்பதற்காகக் கோப்புறை அமைப்பை மாற்றியது. அந்தப் பாதைகளை அறியாத கம்பைலரால் அங்கே ஒரு தலைப்புக் கோப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதற்கும் மூல நிரலைத் தொடாத வழிகள் உண்டு. நிக்ஸ் வழங்கல், கம்பைலரைச் சுற்றி ஓர் உறை நிரலை வைத்து, பாதைகளை அழைப்பின்போதே செருகிவிடுகிறது. கிளாங் திட்டமோ, கணினியில் ஓடுவது எந்த வழங்கல் என்று கண்டறியும் பகுதியைத் தன் மூல நிரலிலேயே வைத்திருக்கிறது. வழங்கல்கள் தனித்தனியே சுமக்க வேண்டியதை மூலத் திட்டம் தானே சுமக்க ஒப்புக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

நடத்தையை மாற்றும் பேட்ச்: இங்கேதான் நிதானம் வேண்டும்

உபுண்டு 2006 அக்டோபரில் வெளியிட்ட 6.10 பதிப்பிலிருந்து, அடுக்கு நினைவகம் மீறி எழுதப்படுவதைக் கண்டறியும் பாதுகாப்பை ஜிசிசியின் இயல்புநிலையாக்கியது. மூலத் திட்டத்தின் ஆவணம் அந்த வசதி கேட்டால் மட்டுமே இயங்கும் என்கிறது. உபுண்டுவின் கம்பைலரோ கேட்காமலே இயக்கியது. நோக்கம் நல்லது. வழங்கலின் பொதிகள் மட்டுமின்றி, பயனர் தானே தொகுக்கும் நிரலும் பாதுகாப்புப் பெற வேண்டும் என்பதே அதன் வாதம். அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

ஆனால் இதன் மறுபக்கத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒருவர் இயங்குதளம் எப்படி எழுந்து நிற்கிறது என்று கற்றுக்கொள்ள ஒரு சிறு கர்னலை எழுதுகிறார். அதில் 64 பைட் எழுத்து வரிசை ஒன்றை உள்ளே வைத்திருக்கும் ஒரு செயற்கூறு இருக்கிறது. அவர் முதலில் கோப்பைத் தொகுக்கிறார். பிறகு தனியொரு கட்டளையில், வழக்கமான நூலகம் வேண்டாம் என்று சொல்லி லிங்க் செய்கிறார் (தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கிறார்). மாற்றப்படாத ஜிசிசியில் வேலை முடிந்துவிடும். மாற்றப்பட்ட கம்பைலரிலோ, "__ஸ்டாக்_செக்_ஃபெயில்" என்ற பெயரைக் காணவில்லை என்று லிங்கர் நின்றுவிடும். அந்தப் பெயர் அவருடைய நிரலில் எங்கும் இல்லை, கட்டளையிலும் இல்லை, அவர் படித்த ஜிசிசி ஆவணத்திலும் அந்த வசதி அணைந்திருப்பதாகவே உள்ளது. கேட்காத பாதுகாப்பு, இல்லாத நூலகத்தில் உள்ள செயற்கூறை அழைத்திருக்கிறது.

உபுண்டு பின்னாளில் இதை நுட்பமாக்கியது: நூலகம் வேண்டாம் என்றோ, இயங்குதளமற்ற சூழல் என்றோ சொல்லும் ஃபிளாக்குகள் கட்டளையில் இருந்தால் பாதுகாப்பு தானே விலகிக்கொள்ளும். தன் கையேட்டுப் பக்கத்திலும் இந்த மாற்றத்தை ஒரு குறிப்பாகச் சேர்த்தது. கம்பைலரை மாற்றிவிட்டு கையேட்டை அப்படியே விடுபவர்களோடு ஒப்பிட்டால் இது பாராட்டத்தக்கது. ஆயினும் மேலே சொன்ன மாணவருக்கு இந்த நுட்பம் முழுமையாக உதவாது, ஏனெனில் அவர் "நூலகம் வேண்டாம்" என்று சொன்னது லிங்க் கட்டளையில். பாதுகாப்பு செருகப்பட்டதோ அதற்கு முந்தைய தொகுப்புக் கட்டளையில். இயல்புநிலையை மாற்றும் பேட்சுகளின் குணமே இதுதான்: ஒரு விதிவிலக்கு எழுதினால் அடுத்த விதிவிலக்கு வாசலில் நிற்கும்.

இதே வகையில் இன்னொன்று: எழுத்துச் சரங்கள் நினைவக எல்லையை மீறுவதைத் தடுக்க உதவும் "_ஃபோர்டிஃபை_சோர்ஸ்" மேக்ரோவைக் (நிரலில் மதிப்பு தந்து வரையறுக்கும் பெயர்) கம்பைலரே முன்கூட்டி வரையறுத்துவிட்டால், அதைத் தானே வரையறுத்துக்கொள்ளும் திட்டங்களில் "மறுவரையறை" என்ற எச்சரிக்கை எழும். எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் திட்டங்களில் தொகுப்பே நின்றுபோகும். பாதுகாப்பில் அக்கறை உள்ள திட்டங்களே முதலில் அடிபடுகின்றன என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

மாற்றத்தை எந்த அடுக்கில் வைப்பது

நடத்தை மாற வேண்டும் என்று முடிவாகிவிட்டால், வெளி அடுக்கிலிருந்து உள்ளே நோக்கி ஒவ்வொன்றாக முயன்று வாருங்கள். போதுமான முதல் அடுக்கில் நின்றுவிடுங்கள்.

வெளி அடுக்கு, பொதிகளைக் கட்டும் கருவியின் ஃபிளாக்குகள். டெபியன் தன் பாதுகாப்பு ஃபிளாக்குகளைக் கம்பைலருக்குள் திணிக்காமல் "டிபிகேஜி-பில்டுஃபிளாக்ஸ்" வழியாகக் கொடுத்தது. ஃபெடோரா தன் ஆர்பிஎம் மேக்ரோக்களில் வைத்தது. ஆர்ச், பொதி கட்டும் அமைப்புக் கோப்பில் வைத்தது. இங்கே வைத்தால் வழங்கலின் பொதிகள் மாறும். பயனரின் கம்பைலர் மாறாது. குறையும் உண்டு. சூழலிலிருந்து வரும் ஃபிளாக்குகளைக் கண்டுகொள்ளாத கட்டமைப்புக் கோப்புகள் ஏராளம். அந்தப் பொதிகள் சத்தமில்லாமல் பாதுகாப்பின்றி வெளியேறும். எனவே கட்டமைப்புப் பதிவுகளைத் துழாவி, ஃபிளாக் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் சோதனை இல்லாமல் இந்த அடுக்கை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது அமைப்புக் கோப்பு. கிளாங் 16 முதல், கம்பைலர் தொடங்கும்போதே படித்துக்கொள்ளும் இயல்புநிலை அமைப்புக் கோப்பை வழங்கல் வைக்கலாம். வேண்டாதவர் ஒரே ஃபிளாக்கில் அதை ஒதுக்கிவிடலாம். கோ மொழியிலும் இதே கதைதான். பொதிகளை இடைநின்று தரும் பதிலாள் சேவையகத்தையும் அவற்றைச் சரிபார்க்கும் தரவுத்தளத்தையும் பற்றிய இயல்புநிலைகளை ஃபெடோரா மாற்றிக் கொடுத்தது; 2023-இல் வந்த கோ 1.21, நிறுவல் கோப்புறையில் ஒரு சூழல் கோப்பை வைத்து இத்தகைய இயல்புநிலைகளை அங்கேயே மாற்ற வழிசெய்தது. மூல நிரலில் மறைந்திருக்கும் ஒரு வரிக்கும், எவரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பில் உள்ள ஒரு வரிக்கும் நம்பகத்தன்மையில் பெரிய வேறுபாடு உண்டு.

அதற்கும் உள்ளே இருப்பது, கம்பைலரைக் கட்டும்போது மூலத் திட்டமே தரும் கான்ஃபிகர் தேர்வுகள். நினைவகத்தில் எங்கும் ஏற்றப்படக்கூடிய இயக்குகோப்புகளை இயல்புநிலையாக்கும் தேர்வை ஜிசிசி 6 (2016) தந்தது. அதுவரை ஜென்டூவின் கடினப்படுத்திய பதிப்பு போன்றவை இதற்காகச் சொந்த பேட்சுகளைச் சுமந்து வந்தன. தேர்வு வந்தபின் உபுண்டு 16.10-உம் டெபியன் 9-உம் முக்கியச் செயலிக் கட்டமைப்புகளில் அதை இயக்கின. அப்போதும் உடைப்பு நிகழ்ந்தது. லினக்ஸ் கர்னல் தொகுக்க மறுத்தது. கர்னலின் கட்டமைப்புக் கோப்பில் அந்த வசதியை அணைக்கும் ஃபிளாக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனால் இது மூலத் திட்டம் பெயரிட்டு ஆவணப்படுத்திய தேர்வு என்பதால், ஒரு திருத்தம் எல்லா வழங்கல்களுக்கும் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வழங்கலும் தன் பேட்சில் தன் வழியில் செய்திருந்தால், கர்னல் எத்தனை வடிவங்களுக்கு ஈடுகொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மூன்றும் போதாதபோதே கம்பைலரின் மூல நிரலில் பேட்ச்.

பதிப்பு எண்ணோடு விளையாடாதீர்கள்

2000 செப்டம்பரில் ரெட் ஹாட் லினக்ஸ் 7.0, "ஜிசிசி 2.96" என்ற கம்பைலரோடு வந்தது. அப்படி ஒரு வெளியீட்டை ஜிசிசி திட்டம் செய்யவே இல்லை. வளர்ச்சிக் கிளையிலிருந்து எடுத்து, திருத்தங்கள் சேர்த்து, வழங்கல் தானே நிலைப்படுத்திய வடிவம் அது. ஜிசிசியின் வழிகாட்டுக் குழு அடுத்த மாதமே, 2.96 என்பது முறையான வெளியீடு அல்ல, இனியும் அப்படி ஒன்று வராது என்று அறிக்கை விட்டது. அதில் தொகுத்த சி++ கோப்புகள் முந்தைய 2.95-உடனும் பொருந்தவில்லை, 2001 ஜூனில் வரவிருந்த 3.0-உடனும் பொருந்தவில்லை. கர்னலைத் தொகுப்பதற்கென்றே "கேஜிசிசி" என்ற பெயரில் பழைய கம்பைலரையும் உடன் வைக்க நேர்ந்தது. குழப்பத்தைத் தவிர்க்க மூலத் திட்டம் தன் வளர்ச்சிக் கிளையின் எண்ணை 2.97-க்கு நகர்த்தியது.

இதில் வழங்கலின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2.95-இன் சி++ ஆதரவு குறையுடையது. ரெட் ஹாட்டின் பொறியாளர்கள் ஜிசிசியின் முன்னணிப் பங்களிப்பாளர்களாகவும் இருந்தார்கள். தாங்கள் கொடுப்பது என்ன என்று அவர்கள் அறிந்தே கொடுத்தார்கள். ஆனால் எண் என்பது மூலத் திட்டம் பயனருக்குத் தரும் வாக்கு. அதை இன்னொருவர் கொடுத்தால், வழு அறிக்கைகள் வாக்குக் கொடுக்காதவரின் வாசலில் போய்க் குவியும். எனவே வெளியான எண்ணை அப்படியே வைத்திருங்கள். ஜிசிசியைக் கட்டும்போது வழங்கலின் பெயரையும் பொதியின் பதிப்பையும் தனியே சேர்க்க ஒரு தேர்வும், வழுக்களை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று குறிக்க இன்னொரு தேர்வும் உண்டு. இரண்டையும் தவறாமல் நிரப்புங்கள். கம்பைலர் உள்ளுக்குள் குலைந்து விழும்போது திரையில் தெரிவது அந்த முகவரிதான். அது வழங்கலின் முகவரியாக இருப்பதே நேர்மை.

சேர்ப்பதற்கு முன் சோதிக்கும் முறை

பேட்ச் இல்லாத கம்பைலரையும் பேட்ச் போட்ட கம்பைலரையும் ஒரே கணினியில், ஒரே தேர்வுகளோடு கட்டுங்கள். ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டங்களில் தொகுத்துக்கொண்டு, இரண்டாம், மூன்றாம் கட்டக் கோப்புகள் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடும். இது நல்ல முதல் வடிகட்டி. ஆனால் ஜிசிசி சி++ மொழியில் எழுதப்பட்டது என்பதால், ஃபோர்ட்ரான் பகுதியில் நீங்கள் செய்த சேதத்தை இது காட்டாது.

அடுத்து இரண்டு கம்பைலர்களிலும் சோதனைத் தொகுதியை ஓட்டி, முடிவுச் சுருக்கக் கோப்புகளை ஒப்பிடுங்கள். ஜிசிசியின் மூலத்திலேயே இதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் உண்டு. தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், முன்பு தேறி இப்போது தோற்றவற்றின் பெயர்களைப் பாருங்கள். இயல்புநிலையை மாற்றும் பேட்ச் என்றால் இந்தப் பட்டியல் நீளமாக இருக்கும், ஏனெனில் பல சோதனைகள் உருவாகும் அசெம்பிளி வரிகளை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் நீங்கள் ஒரு கட்டளையைச் செருகினால் அவை தோற்கத்தான் செய்யும். "இவை எதிர்பார்த்த தோல்விகள்" என்று மொத்தமாக ஒதுக்கும் இடத்தில்தான் உண்மையான பின்னடைவு ஒளிந்துகொள்ளும். அந்த வசதியை அணைக்கும் ஃபிளாக்கோடு சோதனைத் தொகுதியை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் தோற்பவையே உங்கள் கவனத்துக்குரியவை.

கடைசியாக, மாற்றிய கம்பைலரால் வழங்கலின் பொதிகள் அனைத்தையும் ஒருமுறை மறுதொகுப்பு செய்யுங்கள். ஒரு பொதி தொகுக்கப்பட்டால் போதாது. அதன் சொந்தச் சோதனைகளும் ஓட வேண்டும். பிழையான இயந்திரக் கட்டளையை உருவாக்கும் கம்பைலர், தொகுக்கும்போது புகார் எதுவும் சொல்வதில்லை.

பேட்சுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

ஒவ்வொரு பேட்ச் கோப்பின் தலையிலும் அது எங்கிருந்து வந்தது, எந்த வழுவுக்காக வந்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டதா, அனுப்பாவிட்டால் ஏன், கடைசியாக யார் எப்போது சரிபார்த்தார் என்பவை இருக்க வேண்டும். டெபியனின் டெப்-3 வழிகாட்டுதல் இதற்கென்றே புலங்களை வகுத்துள்ளது. வேறு வழங்கல்களும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். "அனுப்பத் தேவையில்லை" என்று எழுதுவதும் ஏற்கத்தக்க பதிலே. புலத்தைக் காலியாக விடுவது ஏற்கத்தக்கதன்று.

மூலத் திட்டத்துக்கு அனுப்புவதை மரியாதைச் சடங்காக எண்ணாதீர்கள். கம்பைலரை உள்ளும் புறமும் அறிந்தவர்களிடமிருந்து கிடைக்கும் இலவச மறுபார்வை அது. கம்பைலர் அல்லாத ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாகக் காட்டும். நினைவகச் சரிபார்ப்புக் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக, டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியிலிருந்து 2006-இல் நீக்கப்பட்ட ஒரு வரி, சமவாய்ப்பு எண் உருவாக்கியின் ஊற்றையே ஏறத்தாழ அடைத்துவிட்டது. 2008 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்தபோது, அந்த இடைக்காலத்தில் அப்பொதியால் உருவான சாவிகள் ஊகிக்கக்கூடியவை என்று ஒதுக்க வேண்டியதாயிற்று. ஒரு பொதியில் ஒரு வரியின் விளைவு இது என்றால், கம்பைலரில் ஒரு வரிக்கு எத்தனை கண்கள் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்புவதில் முன்பிருந்த சட்டத் தடையும் தளர்ந்துவிட்டது. ஜிசிசிக்குப் பங்களிக்கப் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற விதி 2021 ஜூனில் நீக்கப்பட்டது. பேட்சின் அடியில் மூலச் சான்றுக் கையொப்பம் (இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி) இருந்தாலே இப்போது போதும். நிகழ்தேதியைப் பதிக்கும் மேக்ரோக்களால், ஒரே மூல நிரல் இருமுறை தொகுக்கப்படும்போது வெவ்வேறு இருமக் கோப்புகள் வந்ததை மறுவுருவாக்கக் கட்டமைப்பு முயற்சியில் ஈடுபட்டோர் இப்படித்தான் தீர்த்தார்கள்: தேதியைச் சூழல் மாறியிலிருந்து எடுக்கும் வசதி ஜிசிசி 7-இலேயே இடம்பெற்றது, அதனால் எல்லா வழங்கல்களும் பேட்ச் இன்றியே பயன்பெற்றன. ஜிசிசியின் வெளியீட்டு மேலாளர்களாக ரெட் ஹாட், சூசே ஆகியவற்றின் பொறியாளர்களும் இருந்து வருவதையும் நினைவில் கொள்ளுங்கள். வழங்கலுக்கும் மூலத் திட்டத்துக்கும் இடையிலான வேலி நாம் எண்ணும் அளவுக்கு உயரமானதன்று.

மூலத் திட்டம் மறுத்துவிட்டால், மறுப்பின் காரணத்தைப் பேட்சின் தலையில் எழுதிவிட்டு மறுபடி முடிவெடுங்கள். காரணம் "இது எல்லாருக்கும் பொருந்தாது" என்பதாக இருந்தால் பேட்சை வழங்கலுக்குள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. காரணம் "இது தவறான நிரலை உருவாக்கக்கூடும்" என்பதாக இருந்தால் பேட்சைக் கைவிடுங்கள்.

ஜிசிசி ஆண்டுக்கொரு முறையும் எல்எல்விஎம் (கிளாங் அடங்கிய திட்டம்) ஆண்டுக்கு இரு முறையும் பெரும்பதிப்பு வெளியிடுகின்றன. ஒவ்வொரு பெரும்பதிப்பின்போதும் எல்லா பேட்சுகளையும் கழற்றிவிட்டு, வெறும் கம்பைலரிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதன் வழு இன்னும் நிகழ்கிறதா என்று சோதித்த பின்னரே திரும்பச் சேருங்கள். "பேட்ச் பிழையின்றிப் பொருந்துகிறது" என்பது அது இன்னும் தேவை என்பதற்குச் சான்றாகாது. மூலத் திட்டம் அதே வழுவை வேறிடத்தில் வேறு விதமாகத் திருத்தியிருந்தால், இரண்டு திருத்தங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு புதிய வழுவைப் பெற்றெடுக்கும். மாற்றப்படாத கம்பைலரைத் தனிப் பொதியாகவும் வழங்க முடிந்தால் வழங்குங்கள்: வழு அறிக்கை தருபவரிடம் "இதில் ஒருமுறை தொகுத்துப் பாருங்கள்" என்று சொல்ல முடிந்தால், வழு யாருடையது என்ற வாதம் முதல் மடலிலேயே முடிந்துவிடும்.